காலி பாட்டில்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு புரதம் வந்தது.
2. அட்டெண்டர் ஏலம் அதைக் காலி பாட்டில் என்று கூரியர்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.
3. நான் கல்மண்டபம் வரை ஓடிப்போய் அதை மீட்டு வந்தேன்.
4. அந்தப் புரதத்துக்காக ஏலம் தன் ரத்தத்தைக் கொடுத்தார். ஒரு தரம், இரண்டு தரம்.
5. மூன்றாம் தரமும் கொடுத்தார்.

ராயபுரம் முழுக்கத் தேடினாலும், மூன்று வரை எண்ணத் தெரிந்தும் எண்ண மறுத்த மனிதர் வேறு யாரும் கிடைத்திருக்க மாட்டார்.

காசிமேட்டில் இருபது வருடம் மீன் ஏலம் கூவியவர். தொண்டை கெட்டதும் எங்களிடம் வேலைக்கு வந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் ஏலம்தான். டீ வந்தால் கரகரத்த குரலில் "டீ ஒரு தரம், டீ ரெண்டு தரம்" என்பார். அதோடு சரி. மூன்று சொன்னால் சரக்கு கைவிட்டுப் போய்விடும், கூவிக் கூவி ஊருக்குக் கொடுத்தது போதும் என்பது அவர் கணக்கு. அவரோடு சேர்ந்து பீரோ தூக்கிய அத்தனை பேருக்கும் இடுப்பு வலி உண்டு. அவர்கள் மூன்றுக்குக் காத்திருப்பார்கள். அவர் இரண்டிலேயே தூக்கிவிடுவார்.

புரதத்துக்கு வருகிறேன். நான்கு மாதம் காத்திருந்து வந்த ஒரே ஒரு குப்பி. உள்ளே உறைய வைத்து உலர்த்திய பத்து மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாது. ஏலம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "காலி பாட்டிலுக்கு ஐஸு வேற வச்சு அனுப்பிக்கிறான்" என்று கூரியர்காரரைத் திட்டி அனுப்பியிருக்கிறார். நான் மூச்சிரைக்க அதை மீட்டு வந்து, கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து ஒரு பெட்டியில் அடுக்கினேன். பெட்டிமேல் விவரம் எழுதி ஒட்டச் சொன்னேன். அவர் எழுதி ஒட்டியது: 'காலி பாட்டில். உள்ள சரக்கு கீது.'

இது என்னதான் செய்யும் என்று கேட்டார். உடம்பில் எங்காவது கிருமி புகுந்தால், அங்கிருந்து வெள்ளணுக்களை 'இங்கே வா' என்று கூப்பிடும் புரதம். மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது என்றேன்.

"அட, இது நம்ம தொழிலு பாப்பா. இது கூவுது, வெள்ளக்காரனுங்க கும்பலா வர்றானுங்க."

பரிசோதனைக்கு ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். ஏலம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். மெல்லிய துளைகள் உள்ள ஒரு சவ்வு. அதன் கீழே புரதம், மேலே அவருடைய வெள்ளணுக்கள். துளை வழியாக எத்தனை இறங்குகின்றன என்று எண்ணுவேன். முதல் தரம் கும்பலாக இறங்கின. நுண்ணோக்கியில் கண் வைத்து, "நம்மாளுங்கதான், மோப்பம் புடிச்சு வந்துட்டானுங்க" என்றார். இரண்டாம் தரமும் வந்தன. அன்று எல்லோருக்கும் அவர் செலவில் பஜ்ஜி.

எந்த முடிவும் மூன்று தரம் வந்தால்தான் எங்கள் துறையில் செல்லுபடியாகும். அதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சில மாதம் கழித்து மூன்றாம் தரம் கை நீட்டினார், எண்ணாமல்.

அன்று ஒன்றும் இறங்கவில்லை.

புரதம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். என் ரத்தத்தை எடுத்துச் செய்தேன், அணுக்கள் இறங்கின. ஆகவே புரதம் சரி. சவ்வு சரி. என் கை சரி. பட்டியலில் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அவருடைய ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தேன். வெள்ளணுக்கள் இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. எல்லாம் முதிராத பெரிய அணுக்கள்.

வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா பாப்பா, வந்தானுங்களா?"

"இல்லண்ணே. வரல."

"கூவுனது பத்தலியா?"

"கூவுனது சரியாத்தான் இருக்கு."

"அப்ப நம்மாளுங்கதான் செவுடா பூட்டானுங்க" என்றார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தப் புற்றுநோய். வார்டிலும் அவர் மாறவில்லை. ஊசி போட வரும் நர்ஸ் "மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றால், "ரெண்டுலயே முடிச்சிக்கம்மா" என்பார். பக்கத்துப் படுக்கைக்காரரின் கஞ்சியை ஏலம் விட்டார், வாங்க ஆளில்லை. நாளாக ஆக அவர் குரல் காற்றாகிப்போனது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவரே கேட்டார். "மூணாந் தரம் இன்னாச்சு?"

வேறு ஒருவர் ரத்தத்தில் செய்யச் சொல்கிறார்கள், நான் இன்னும் செய்யவில்லை என்றேன்.

"பண்ணிடு பாப்பா. என்னால சொல்ல முடியாது. நீ சொல்லிக்க."

அந்த வாரமே போய்விட்டார்.

வேறொருவர் ரத்தத்தில் பரிசோதனையை முதலிலிருந்து செய்தேன். மூன்று தரமும் அணுக்கள் வந்தன. கட்டுரையும் வெளிவந்தது. மிச்சம் ஒரு குழாய், ஏலம் எழுதி ஒட்டிய அதே பெட்டியில், மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் அடித்தட்டில் இருக்கிறது. காலாவதியாகி வருடங்கள் ஆகின்றன. ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் புதிதாக வந்தவர்கள் அந்தப் பெட்டியை எடுத்து, மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தூக்கிப் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், இருந்த இடத்தில் வையுங்கள் என்கிறேன்.

உள்ளே சரக்கு கீது.