மாசிலாமணி பாசிட்டிவ் ஆன கதை

ஒரு காட்டில் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. காடென்றால் அருவி இருக்கும், குகை இருக்கும். இந்தக் காட்டில் பிளஸ் டூ இருந்தது. யார் செய்த பாவமோ, இயற்பியலும் இருந்தது.

அங்கே மாசிலாமணி என்றொரு பூனை படித்தது. அதன் அப்பா அரிசி மண்டியில் எலி பிடிக்கும் உத்தியோகம் பார்த்தார். செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் மாசிலாமணியும் அதே மண்டிக்குத்தான் போயாக வேண்டும். அதிலென்ன கஷ்டம் என்பீர்கள். மாசிலாமணிக்கு எலி என்றால் பயம். பூனையாகப் பிறந்துவிட்டு இதை வெளியே சொல்ல முடியுமா?

இயற்பியல் வாத்தியார் தருமலிங்கம் ஒரு நரி. பாடம் புரியவில்லை என்றாலும், ஆய்வகக் கூரை ஒழுகுகிறது என்றாலும், "பாசிட்டிவா இருப்பா" என்பார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

தேர்வன்று வந்த சோதனை நிலைமின்னியல். எபோனைட் தண்டைப் பூனை உரோமத்தில் தேய்க்க வேண்டும். உரோமத்திலிருந்து எலக்ட்ரான்கள் தண்டுக்குத் தாவும். அந்தத் தண்டு காகிதத் துணுக்குகளை இழுக்கும். ஆய்வகத்தில் தண்டு இருந்தது, காகிதம் இருந்தது. உரோமத்தைத்தான் காணோம்.

தருமலிங்கம் சார் மாசிலாமணியைக் கனிவோடு பார்த்தார். நரி கனிவோடு பார்த்தால் ஓடிவிட வேண்டும். அது பாடத்திட்டத்தில் இல்லாததால் மாசிலாமணிக்குத் தெரியவில்லை.

"அந்த மர ஸ்டூல்ல ஏறி நில்லுப்பா. எல்லாரும் முடிச்சதும் கடைசியா நீ செய்யலாம்."

"அதுக்குள்ள எக்ஸ்டர்னல் சார் கிளம்பிட்டா?"

"பாசிட்டிவா இருப்பா."

முயல் வந்து தேய்த்தது. குரங்கு வாலையும் சேர்த்துத் தேய்த்தது. கரடி தேய்த்த தேய்ப்பில் மாசிலாமணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒவ்வொருவர் தண்டிலும் காகிதம் துள்ளி ஒட்டியது. ஒவ்வொருவருக்கும் முழு மதிப்பெண். மின்னூட்டத்தை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்குக் கிடைத்தது இன்னொருத்தரிடம் பிடுங்கியது என்று நேராகச் சொன்னால் என்னவாம்.

மத்தியானத்துக்குள் மாசிலாமணியின் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. கீழே கிடந்த துணுக்குகளெல்லாம் எழும்பி வந்து அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டன. மின்னூட்டமே இல்லாத காகிதம்கூட அதன் பக்கம் நின்றது. வகுப்பில் ஒருத்தரும் நிற்கவில்லை.

எக்ஸ்டர்னலாக மதிப்பெண் போடப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்திருந்தவர் ஒரு கொக்கு. மீன் குழம்பு தயார் என்று தகவல் வந்ததும் எழுந்துவிட்டார்.

"சார், நான் இன்னும் செய்யல," என்றது மாசிலாமணி.

"நீ கருவி இல்ல?"

"மாணவன் சார்."

"ரெண்டுமா எப்படி இருக்க முடியும்? கருவின்னா உனக்குத் தேர்வு கிடையாது. மாணவன்னா, காலையிலேருந்து உன் இடம் காலியா கிடக்கு. ஆப்சென்ட்."

மாசிலாமணி வாத்தியாரைப் பார்த்தது. அவர் ஏற்கெனவே நின்ற தூரத்தைப் போல இன்னொரு மடங்கு தள்ளிப்போய் நின்றார். தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகும் என்கிறது கூலூம் விதி. வாத்தியார் பாசமும் அதே கணக்குதான் போலிருக்கிறது.

"எலக்ட்ரானை இழந்தா என்ன மின்னூட்டம்ப்பா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நேர்மின்னூட்டம் சார்."

"அதாவது பாசிட்டிவ். நான் சொன்ன மாதிரியே ஆயிட்ட பாத்தியா."

உள்ளதையெல்லாம் உருவிக்கொண்டு அதற்குப் பாசிட்டிவ் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. மாசிலாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே பெருச்சாளி ஒன்று தன்னையே பார்ப்பது போலிருந்தது.

கொக்கு சாப்பாட்டுக்கு முன் கால் கழுவிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து வெறுந்தரையில் ஒற்றைக் காலில் நின்றார். மாசிலாமணி அந்தக் காலைப் பார்த்தது. ஸ்டூலை விட்டு இறங்காமலே பணிவாகத் தலையைக் குனிந்தது.

"பரவாயில்ல சார். ஆசீர்வாதமாவது பண்ணுங்க."

ஆசீர்வாதத்துக்குச் செலவில்லை. கொக்கு பெருமையோடு அலகை அதன் உச்சந்தலையில் வைத்தார்.

பட்டென்று ஒரு பொறி. பிறந்ததிலிருந்து ஒரு காலை மட்டுமே தூக்கிப் பழகிய கொக்கு, அன்று இரண்டையும் சேர்த்துத் தூக்கினார்.

"என்னடா பண்ணின?"

"மின்னிறக்கம் சார். நான் இழந்த எலக்ட்ரான் தரையிலேருந்து உங்க ஈரக்கால் வழியா எனக்குத் திரும்பி வந்துச்சு. சரியா தெரியலன்னா இன்னொரு தடவை செஞ்சு காட்டுறேன்."

நன்றாகவே தெரிந்தது என்று சொல்லிக் கொக்கு முழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டு, மீன் குழம்பை மறந்து பறந்தார். கரடி தானாகவே வந்து, வாத்தியாரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, மாசிலாமணி முதுகில் இன்னொரு முறை தண்டைத் தேய்த்துவிட்டுப் போனது. தருமலிங்கம் சார் அருகில் வந்து, "என் மாணவனாச்சே" என்று தலையைத் தடவக் கையைத் தூக்கினார்.

"இருங்க சார்," என்றது மாசிலாமணி. "காலக் கழுவிட்டு வாங்க."

நீதி: பெரியவர்களின் ஆசீர்வாதம் இருந்தால்தான் வாழ்க்கையில் தேற முடியும், அவர்கள் கால் ஈரமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.