கச்சான் காலத்துப் படப்பிடிப்பு

எனக்கு நெசவு தெரியாது. நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் பிறந்த ஒருவன் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது, கடற்கரையில் வளர்ந்தவன் தோணியில் ஏறினால் தலை சுற்றும் என்று சொல்வதைப் போன்றது. இப்போது வயது போய்விட்டது, தைரியமாகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கல்முனையில் ஒரு பாடசாலையில் புவியியல் ஆசிரியராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். (முதல் வருடத்தில் ஒன்றும் தெரியாது என்ற பயம் இருக்கும். இரண்டாவது வருடத்தில் எல்லாம் தெரியும் என்ற நோய் வரும்.) அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடசாலைகளில் காட்டுவதற்குக் கல்வித் திரைப்படம் எடுக்கப் போகிறார்களாம். ஒரே படத்தில் மூன்று விடயங்கள்: ஒரு தொழில் ஓர் ஊரில் ஏன் வளர்கிறது என்ற புவியியல், இயற்கை வளங்களை வீணாக்காமல் பேணுவது, துணிக்கு வடிவம் அமைப்பது. நெசவு நடக்கும் ஊர்களில் உள்ள ஆசிரியர்கள் உதவ விரும்பினால் எழுதலாம் என்று இருந்தது.

நான் நாலு பக்கம் எழுதினேன். பரம்பரை நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று எழுதினேன். அது உண்மை. நெசவின் சகல படிமுறைகளிலும் அனுபவம் உள்ளவன் என்றும் எழுதினேன். அது பச்சைப் பொய். படம் நன்றாக வந்தால் பாடத்திட்டம் எழுதும் வேலைக்கு என்னைக் கொழும்புக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒரு கனவு இருந்தது. அந்தக் கனவுதான் அந்த வரியை எழுதியது.

உண்மை என்னவென்றால், பதினொரு வயதில் என்னை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். படித்து முடித்து நான் திரும்பி வந்தபோது, வீட்டிலிருந்த குழித்தறியை ராத்தாவும், அதாவது என் அக்கா ஹபீபாவும், அவருடைய கணவர் மஜீத் மச்சானும் பார்த்துக்கொண்டார்கள். நெசவில் என் பங்கு, நெய்து முடிந்த சாரனை உடுத்துவது.

கடிதம் கொடுத்து ஒரு மாதத்தில் படப்பிடிப்புக்கு நாள் குறித்துப் பதில் வந்தது. படப்பிடிப்புக்கு முந்திய நாள்தான் நான் ராத்தாவிடம் சொன்னேன். அவர் அப்போது தறியில் புதுப் பாவு (நீளவாட்டு நூல்) பூட்டி ஒரு சேலைதான் நெய்து முடித்திருந்தார்.

"வரட்டும், எனக்கென்ன," என்றார் ராத்தா. "ஒண்டு மட்டும் சொல்றன், கேட்டுக்க. இந்தப் பாவுல நீ கை வெக்கப்படா. சாய்ந்தமருதுல ஒரு புள்ளட கலியாணத்துக்கு ஏழு சேல. கலியாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இரிக்கி."

"நான் ஏன் ராத்தா கை வெக்கப் போறன்?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

படம் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். நெறியாளர் தேவநாயகி அம்மையார், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். கெமராக்காரர் சுனில், சிங்களம் தவிர வேறு மொழி தெரியாதவர். எந்நேரமும் சிரித்த முகம்.

அம்மையார் வந்தவுடன் தறியில் இருந்த சேலையின் கரையைக் குனிந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். கரையில் வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் போயின. அது என்னுடைய புவியியல் புத்தகத்தில் இருந்த சமவுயரக் கோட்டுப் படம். மலையின் உயரத்தைக் காட்டும் அந்தக் கோடுகளை ராத்தா ஒருநாள் பார்த்துவிட்டு, "இதென்னடா, நல்ல கரையா இரிக்கே," என்று என் வரைபுத்தாளிலேயே கட்டம் கட்டமாக மாற்றி வரைந்திருந்தார்.

"மாஸ்டர், இந்த வடிவம் ஆர் போட்டது?" என்று அம்மையார் கேட்டார். "புவியியலையும் துணியையும் ஒண்டாச் சேர்த்திருக்கு. எங்கட படத்துக்கு இதைவிட என்ன வேணும்?"

"எங்கட வீட்டுல போட்டது மிஸ்," என்றேன். பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது என் கை தானாக என் சட்டைப்பையில் இருந்த பேனையைத் தொட்டது. ஆண்கள் இருந்தபடியால் ராத்தா உள்ளறையில் இருந்தார். கதவு திறந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

வீட்டோடு ஒட்டியிருந்த தறிக் கொட்டிலுக்குள் வெளிச்சம் போதாது என்று சுனில் சைகை காட்டினார். மஜீத் மச்சான் ஏறிக் கூரைக் கிடுகில் பாதியைக் கழற்றினார். ஆடி மாத வெயில் நேராகத் தறிமேல் விழுந்தது. அது கச்சான் காலம். மேற்கே வயல்களைத் தாண்டி வரும் அந்தக் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வரும், உதட்டை வெடிக்க வைக்கும். கழற்றிய கூரை வழியாக அதுவும் தாராளமாக உள்ளே வந்தது.

முதலில் மச்சான்தான் தறியில் இருந்தார். நித்திரையில் எழுப்பி விட்டாலும் பிழையில்லாமல் நெய்யக்கூடியவர். ஆனால் கெமரா ஓடத் தொடங்கியதும் அவருடைய கையும் காலும் மரத்துப்போயின. அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்பவர்போல் நெஞ்சை நிமிர்த்திக் கெமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்களைப் பார்க்காமல் வேலையைச் செய்யுங்கோ," என்றார் அம்மையார்.

"ஓம் ஓம்," என்று மச்சான் கெமராவைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று முறை இப்படி நடந்தது. பிலிம் கொஞ்சம்தான் இருந்தது. அம்மையார் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், சகல படிமுறையும் தெரியும் எண்டு எழுதியிருந்தனீங்கள்தானே? நீங்கள் இருங்கோ. நெய்துகொண்டே, இந்த ஊரில ஏன் நெசவு வளர்ந்தது எண்டு விளக்கமும் சொல்லுங்கோ."

மச்சான் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். பாவம், நல்ல மனிதர், வாயை மூடிக்கொண்டார்.

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். மிதியை மிதித்தால் பாவு நூல்கள் இரண்டு பிரிவாகப் பிரியும். கயிற்றை இழுத்தால் குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு நாடா நடுவால் ஓடும். அது மறுகரை சேர்ந்ததும் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். இவ்வளவும் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரியும். பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும், என் கைக்குத் தெரியாது. ஆனாலும் முதல் நாலைந்து அடி எப்படியோ சரியாக விழுந்துவிட்டது. அதுதான் கேடு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கெமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன்.

"மாணவர்களே! இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளைப் போலவே, எமது ஊரின் நெசவுக்கும் காரணம் காலநிலையே. கடற்காற்றின் ஈரப்பதன் நூலைப் பதமாக வைத்திருக்கிறது. ஆகவே இங்கே நூல் ஒருபோதும்..."

"மாஸ்டர், சத்தம் காணாது. கொஞ்சம் பலமா அடியுங்கோ," என்றார் அம்மையார்.

கயிற்றை இழுத்தேன். நாடா பாதி வழியில் நின்றுவிட்டது. நான் கெமராவைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அதைக் காணவில்லை. மற்ற மிதியை மிதித்தேன். விரிந்த நூல்கள் நாடாவின் மேல் மூடின.

"...ஒருபோதும் அறுவதில்லை!" என்று சொல்லிக்கொண்டு, என் பலம் முழுவதையும் கூட்டி அடித்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மழைக்காலத்தில் ஓட்டுக்கூரையில் முதல் தூறல் விழுவதுபோல் இருந்தது. வெயிலில் காய்ந்து முறுகிப்போயிருந்த இழைகள் படபடவென்று அறுந்தன. பதறி எழுந்தேன். சாரன் மிதியில் மாட்டியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். ஊன்றிய இடம் பாவு. இன்னும் ஐம்பது இழை போனது.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். சுனிலுக்குத் தமிழ் தெரியாது. உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கிட்ட வந்து என் முகத்தை எடுத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்து அறுந்த இழைகளை விரலால் தடவினார்.

"நாடா நடுவுல நிக்கக்குள்ள அடிச்சிரிக்காய்," என்றார் மெதுவாக. பிறகு கூரையைப் பார்த்தார். "கச்சானுக்கு நான் காலையில காலையில குழிக்குள்ள தண்ணி தெளிச்சி வெச்சி நெய்றன். நீ கூரையக் கழட்டிப்போட்டு ஈரப்பதன் படிப்பிக்காய். புவியியல் மாஸ்டருக்குக் கச்சான் தெரியாதாடா?"

தெரியும். போன கிழமைதான் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பித்திருந்தேன்.

கலியாணத்துக்குப் பதினொரு நாள், ஆறு சேலை பாக்கி, நூற்றுக்கு மேல் இழைகள் அறுந்து கிடந்தன. ராத்தாவின் கண் கலங்கியதைக் கண்டேன். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த நிமிடம் கொழும்பு வேலை, படம், எல்லாம் எனக்கு அற்பமாகத் தெரிந்தது.

"மிஸ், எனக்கு நெசவு தெரியாது," என்றேன். "எழுதினது பொய். அந்தக் கரையும் நான் போட்டதில்ல. ராத்தா போட்டது."

"கரை நீங்கள் போட்டதில்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும் மாஸ்டர்," என்றார் அம்மையார். "போட்ட ஆளின்ர விரலில சாயம் இருக்கும். உங்கட விரலில சோக்குத் தூள்தான் இருக்கு." பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இதைச் சரிப்படுத்தேலுமோ?" என்று கேட்டார்.

"ஏலும். ஒவ்வொரு இழையாத் தேடிப் புடிச்சி முடியணும். ரெண்டு நாள் போகும்."

"அதை நாங்கள் எடுக்கலாமோ?"

ராத்தா மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையை ஆட்டினார்.

"மொகத்த எடுக்கப்படா. கையெண்டா எடுங்க. ஆனா உங்களுக்காக நான் வேலய நிப்பாட்ட மாட்டன்."

மச்சான் கிடுகை மறுபடி வேய்ந்தார். இரண்டு நாளும் ராத்தா அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டார். நான் பக்கத்தில் குந்தியிருந்து அறுந்த முனைகளைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தேன். ("அதில்ல, அடுத்தது" என்ற வார்த்தையை அந்த இரண்டு நாளில் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன்.) அம்மையார் ஒரு பாயில் இருந்து ராத்தாவோடு கதைத்துக்கொண்டே இருந்தார். சாயத் தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதற்கு, "கடலில் ஊற்றுவோம்" என்று பதில் சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன்.

"ஏன் ஊத்தணும்?" என்றார் ராத்தா. "கடும் நிறத்த முதல்ல தோய்ச்சி எடுத்தா, மிச்சத்துல இளம் நிறம் தோய்க்கலாம். அதுக்குப் பொறகு அதுல சாயம் எங்க இரிக்கி? அந்தக் கொஞ்சத்தையும் கெணத்துக்கு எட்டத்துல குழி வெட்டித்தான் ஊத்துற. கெணத்துத் தண்ணி எங்களுக்கு மட்டுமா?"

முடிச்சுகள் வரிசையாக ஒரே இடத்தில் விழுந்தன. நெய்தால் துணியில் தெரியும். ராத்தா அந்த இடத்தில் தடித்த நீல நூலால் குறுக்கே ஒரு பட்டை போட்டார். "மலைக்கோடு முடிஞ்சா கடல்தானே," என்றார். பிறகு அவரும் மச்சானும் மாறி மாறித் தறியில் இருந்து, கலியாணத்துக்கு முந்திய நாள் ஏழாவது சேலையை மடித்துக் கொடுத்தார்கள். பெண்ணின் தாய் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து, மற்ற ஆறிலும் நீலப்பட்டை ஏன் இல்லை என்று குறைப்பட்டாராம். அதைச் சொல்லிவிட்டு ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கொழும்பிலிருந்து வேலைக் கடிதம் வரவில்லை. அடுத்த வருடம் படம்தான் வந்தது. எங்கள் பாடசாலை மண்டபத்தில் சன்னலை எல்லாம் மூடி, முன்னூறு பிள்ளைகளை இருத்தி, புரொஜெக்டரை நானே ஓட்டினேன். என் பேச்சு, அடி, விழுந்தது, வாயைத் திறந்து கத்திய என் முகம், எதையும் அம்மையார் வெட்டவில்லை. பின்னணிக் குரல் அமைதியாகச் சொன்னது: "பயிற்சியற்ற கையும் வறண்ட காற்றும் சேர்ந்தால் இவ்வாறு நிகழும்." மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. முதல் வரிசையில் இருந்த பாடசாலை அதிபருக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்து ராத்தாவின் கைகள் வந்தன, பக்கத்தில் குந்தியிருந்து இழை தேடிக் கொடுக்கும் நானும் வந்தேன். இழை இழையாக முடிந்த அந்தக் கைகளைப் பார்த்துப் பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். நல்ல படம் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது. புவியியல், வளம், வடிவம் மூன்றும் அதில் இருந்தன. மூன்றையும் படிப்பித்தவர் ராத்தா.

படம் பொத்துவில் வரைக்கும் பாடசாலை பாடசாலையாகப் போனது. பரீட்சைக் கடமைக்கு எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகள் என்னைக் கண்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பேசினார்கள். அந்தப் பெண்ணும் ஓர் ஆசிரியை. அவரும் தன் வகுப்புக்கு அந்தப் படத்தைக் காட்டியவர். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் தன் உம்மாவிடம், "பாவ அறுத்துப்போட்டு ஓடாம ரெண்டு நாள் குந்தியிருந்த ஆள்தானே, பரவாயில்ல," என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கலியாணத்துக்குப் பெண்ணுக்குச் சேலை ராத்தாதான் நெய்தார். ஒரு மாத வேலை, அதிமெல்லிய நூல். திருமண ஒப்பந்தமான காவின் முடிந்து, பெண் அதை உடுத்திக்கொண்டு பெண்களுக்கு நடுவில் இருந்தார். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ராத்தா என்னைக் கண்டதும் எழுந்து, பெண்ணின் காதில் சொல்வதாக நினைத்து, வீடு முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"புள்ள, இந்தச் சேல ஒடம்புல இரிக்கிற வரைக்கும் இவனக் கிட்ட வர விடாத."

ராத்தா நினைத்தது நூலை மட்டும்தான். என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து குசினிக்குள் ஓடினார். சிரிப்பு அடங்கக் கால் மணித்தியாலம் ஆனது. எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று ராத்தா என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும் மாப்பிள்ளை உள்ளே வரும்போது யாராவது ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. முதலில் சிரிப்பது என் மனைவிதான்.