அரக்கு சேரும் கலியாணக் கோழியும்

கல்முனையில் ஜின்னுக்குப் பயப்படாத ஆட்கள் இருக்கலாம். அரக்கு சேருக்குப் பயப்படாத சாப்பாட்டுக்கடைக்காரன் ஒருவன்கூட இல்லை. ஊர்ச் சாப்பாட்டைச் சோதிக்கும் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. அவர். சந்தேகம் வந்தால் போதும், பாலோ தேயிலையோ, மூன்று போத்தலில் பிரித்து, அரக்கு உருக்கி சீல் வைத்துவிடுவார். அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலில் கிடந்த வடைகூட எழுந்து கண்ணாடி அலுமாரிக்குள் ஓடிவிடும்.

வீட்டிலும் விடமாட்டார். மனைவி வாங்கி வந்த மிளகாய்த்தூளின் நிறம் ஒருநாள் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்டு லெப்புக்கு, ஒண்டு என்ட கந்தோருக்கு, ஒண்டு உங்களுக்கு. ரிசல்ட் வருமட்டும் துறக்கப்படா."

"அப்ப பகலக்கி கறிக்கு என்னத்தப் போடுற?"

"வெள்ளக்கறி ஆக்குங்க."

ஒரு மாதம் அந்த வீட்டில் மிளகாய்த்தூள் போடாத வெள்ளைக்கறிதான்.

இந்த மனிதர் எனக்குப் பக்கத்து வீடு. மகளின் கலியாணத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? வந்தவர் பந்தலில் உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், வெயிலில் வந்து இறங்கிய கோழியை மோந்து பார்த்தார். "ஐஸ் எங்க?" என்று கேட்டார். சமைக்க வந்த கோக்கியார் வானத்தைப் பார்த்தார்.

"புதைங்க."

"யா றப்பே! மாப்பிள்ளை ஆக்கள் வர ரெண்டு மணித்தியாலந்தான் இரிக்கி சேர். என்ட மானம் போயிரும்!" என்று கத்தினேன் நான்.

"மானம் போனா நான் பக்கத்துல நிப்பன். ஊருக்கே வயித்தால போனா ஆரு நிப்பா?"

வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். அந்த நேரத்திலும் மனுசன் மூன்று போத்தல் நிரப்பி, என் பங்கை என் கையிலேயே தந்தார். மிச்சக் கோழி தென்னைக்கு உரமானது.

ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹனில் நெய்ச்சோறு, பருப்பு, கத்தரிக்காய், அவித்த முட்டை மட்டும் போனது. மாப்பிள்ளையின் வாப்பா தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார்.

"கோழி இல்லாத கலியாணமா? எங்களக் கேவலப்படுத்தவா கூப்பிட்டீங்க?"

பிள்ளையின் கலியாணம் இதிலேயே கெட்டுப்போகுமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அரக்கு சேர் குறுக்கே வந்து நின்றார். "இவங்க கோழி வாங்கினவங்கதான். பழுதெண்டு புதைக்கச் சொன்னது நான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க, வீட்டுக்காரர விடுங்க." சொல்லிவிட்டு அந்தச் சஹனிலேயே உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, முதல் பிடிச் சோற்றை வாயில் வைத்தார்.

சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆரு இவர்? உங்களுக்கு என்ன முறை?"

காலையிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்த வாய் என்னுடையது. எப்படித்தான் வந்ததோ!

"என்ட காக்கா," என்றேன். "கூடப்பிறந்த காக்கா."

சம்பந்தி மெல்ல உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்.

அண்ணன் என்று சொன்னது பொய்தான். அதைத் திருத்த எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.