விசில் ஊதிய பழக்கம் அண்ணாச்சி

நல்லவனாக இருப்பதற்குத் தினமும் ஒத்திகை பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஏழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். நாரணாபுரம் பக்கம் நான் பேக்கிங் பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். 'பழக்கம் அண்ணாச்சி' என்றால்தான் தெரியும்.

கிறிஸ்தவக் குருமடத்தில் ஆறு வருஷம் படித்துவிட்டுச் சாமியாராகாமல் திரும்பியவர். "கிரேக்கத்துப் பெரியவங்களும் நம்ம புனிதர்களும் இதுல ஒரே பேச்சுதாம்லே. நல்ல குணம் யோசிச்சா வராது. செஞ்சு செஞ்சு பழகணும். மனுசன் சந்தோசமே அதுலதான் இருக்கு. மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்பார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. பொறுமை பழக விருதுநகர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நிற்பார். கவுண்டர் நெருங்கியதும் திரும்பவும் கடைசிக்குப் போய்விடுவார். கூடப் போன பாவத்துக்கு என் ரயிலும் போனது. மிதம் பழக, கல்யாணப் பந்தியில் பாதி லட்டோடு எழுந்துவிடுவார். லட்டில் என்ன குறை என்று பெண் வீட்டார் சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

துணிவுக்குத்தான் எங்களையும் இழுத்தார். தீப்பிடித்தால் பதறாமல் இருக்கப் பழக, தினம் ஏதாவது ஒரு நேரத்தில் விசில் ஊதுவார். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே உள்ள வேப்பமரத்துக்கு ஓட வேண்டும். செருப்பைக்கூடத் தேடக்கூடாது. தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி நிற்கிறது, நாங்கள் மரத்தடியில் மூச்சு வாங்குகிறோம். எரிச்சலில் நானே முதலாளியிடம் போய் வத்தி வைத்தேன்.

"அண்ணாச்சி, இனி ஒருக்கா விசில் சத்தம் கேட்டுச்சு, அப்படியே வீட்டுக்குப் போயிருங்க" என்றார் முதலாளி.

"ஓடுறதுக்கும் கால் பழகணும் மொதலாளி" என்று இழுத்தவர், விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ரெண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு, வேலை போனால் அவ்வளவுதான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு விசில் அலறியது. தொலைந்தார் மனுஷர் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். பாதியில், செல்போன் உள்ளே சார்ஜில் கிடப்பது ஞாபகம் வந்தது. மனசு திரும்பச் சொன்னது, கால் கேட்டால்தானே? மரத்தைத் தொட்டேன், பின்னால் டமாரென்று எங்கள் ஷெட் கூரை பறந்தது. ஒருத்தர் மேலும் ஒரு கீறல் இல்லை!

"வேல போயிருமேன்னு பயமா இல்லையா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "மூலையில பொகையப் பாத்ததும் கை தானா விசில எடுத்துருச்சுலே. பயமெல்லாம் இப்பத்தான் வருது."

ஓடி வந்த முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில், "நாளைக்கு எத்தன மணிக்கு அண்ணாச்சி விசில் ஊதப் போறீக?" என்றார்.

எதுவும் பழகப் பழகத்தான் வரும் என்பார் அண்ணாச்சி. அவர் மேல் எனக்கு வந்த பிரியம் மட்டும் அந்த மரத்தடியில் ஒரே நொடியில் வந்துவிட்டது.