கல்லாவில் காசில்லை, கவலை வேண்டாம்

ஹெப்பாள், மைசூரு
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சென்னிமலை மச்சான் அவர்களுக்கு, ஆறுமுகசாமியின் வணக்கம். தங்கச்சி கமலம்மாளுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை பத்து மணி நிலவரப்படி நம் டீக்கடைக் கல்லாவில் ஒரு ரூபாய்கூட இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து இதை உறுதி செய்தவள் தங்கள் மகள் பூங்குழலி. போனில் சொல்வதற்குள் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கொள்ளேகால் பஸ்ஸில் வரும் ஆள் வசம் இந்தக் கடிதம்.

மூன்று வாரம் முன்பு ஹெல்மெட் போட்ட ஒருவன் கத்தியைக் காட்டிக் கல்லாவை வழித்துப் போனது உண்மை. நான் பால் வாங்கப் போயிருந்ததும், அவள் தனியாக இருந்ததும் உண்மை. கீறல் இல்லை, ஆனால் நான்கு நாள் அவள் கல்லாப் பக்கமே போகவில்லை. "பணம் இருந்தாத்தான மாமா கத்தி வரும்? இனிமே போன்ல மட்டும் வாங்குங்க, இல்லைன்னா நான் ஊருக்குப் போறேன்" என்றாள். அன்றே கன்னடத்திலும் தமிழிலும் பலகை மாட்டினேன்: ரொக்கம் வாங்குவதில்லை.

மறுநாள் விடிந்ததும் நம் ஊர் ஹனூர்ப் பக்கத்து ஆட்டோக்காரர் சித்தையன் பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். பூங்குழலி பலகையைக் காட்டினாள். "ஏங் கண்ணு, போணிக் காசைத் திருப்பி உட்டா கடை வெளங்குமா?" என்றார். மச்சான், நாளின் முதல் காசை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவில் போடாமல், மாதேஸ்வரன் படத்துக்குக் கீழே மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். அது சாமி காசு, கடைக் காசு அல்ல. அதைப் பார்த்த கம்பெனிக்காரர் ஒருவர், "டீக்கு அவர் போணின்னா பன்னுக்கு நான் போணி" என்றார். நியாயந்தானே? அப்புறம் முறுக்குக்கு ஒருத்தர், சர்க்கரை இல்லாத டீக்கு ஒருத்தர்னு வந்துட்டாங்க, ரெண்டாம் ஷிப்டுக்காரங்க எங்க ஷிப்டுக்கு நாங்கதான் போணிங்கறாங்க, தினமும் இதேதான், நான் என்னத்தச் செய்ய மச்சான்? ஆனாலும் பலகை தொங்குகிறது. கல்லா காலி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையை அழைத்துப் போகும் யோசனையைத் தாங்கள் விட்டுவிட வேண்டும். போனில் காசு வந்ததா என்று பார்க்கத் தெரிந்தவள் இங்கே அவள் ஒருத்திதான்.

மாதேஸ்வரன் தங்கள் காட்டுக்கு மழையும் மஞ்சளுக்கு விலையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பூங்குழலி படித்துவிட்டாள். மஞ்சள் துணியை அவிழ்த்து எண்ணினாள். திருட்டுப் போனதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. "சாமி காசுன்னா சாமியே கல்லாவுல உட்காரட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு இங்கே என் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பணம் வங்கிக்குப் போகும்வரை கடைக்கு வரமாட்டாளாம். வங்கி இன்று மூடியாகிவிட்டது. நாளை இரண்டாம் சனி. தாங்கள் ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். அவளை அழைத்துப் போக அல்ல, கடையில் என்னோடு உட்கார ஆளில்லை. அவள் திரும்பி வருவாளா என்பது திங்கள் காலை பத்து மணிக்கு, வங்கி திறந்த பிறகுதான் தெரியும்.