வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த மனிதர்

எங்கள் தோட்டத்தில் கிரேடர் மாமாவின் கைக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. சூரியனை மட்டும் அவர் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் வைக்க வேறு வெளிச்சம் கிடைக்காததுதான் காரணம்.

எஹலியகொடைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டம் எங்கள் ஊர். அங்கே ரப்பர் ஸ்டோரில் நாற்பது வருடம் அவருக்கு ஒரே வேலை. கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் ரப்பர் ஷீட்டை விரித்துக் குமிழி, தூசி, பூஞ்சணம் தேடுவார். புள்ளி தெரிந்தால் கத்தரிக்கோலால் அதை மட்டும் வெட்டி எறிவார். வெட்டிய ஓரம் சுத்தமென்றால் ஷீட் தேறிவிடும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் போடுவார்; ஒன்றுதான் உசத்தி. அதனால்தான் கிரேடர். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளத் துண்டைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

பென்ஷன் வாங்கிய பிறகும் கை நிற்கவில்லை. காலையில் ரொட்டியை ஜன்னலுக்கு நேரே பிடித்து, "குமிழி இருக்கு. ரெண்டு" என்பார். மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் போட்டோவையும் அப்படித்தான் பிடித்தார்.

"ஓரம் சரியில்ல. மூணு."

"அண்ணே, அது போட்டோவோட ஓரம்ணே!" என்று பதறினார் தரகர்.

"போட்டோ ஓரத்தயே பாத்துக்க தெரியாதவன் எம்புள்ளய பாத்துக்குவானா?"

இந்தப் பத்திரிகையில் என் முதல் பத்தி வந்தபோது ஓடிப்போய்க் காட்டினேன். படிக்கவில்லை, தூக்கிப் பிடித்தார். "பின்பக்கத்து சீமெந்து வெளம்பரம் ஒன் எழுத்துக்குள்ள தெரியுது தம்பி. ரெண்டு."

"ஒண்ணு போட்டாத்தான் என்ன மாமா?"

"ஷீட்டுக்கு போடலாம், அது கப்பலேறி போயிரும். மனுசன் இங்கயே கெடக்கான். ஒண்ணு போட்டுட்டா அப்பறம் யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க."

இவரிடம் அதிகம் பட்டது அவர் மனைவி செல்லம்மா அத்தைதான். அத்தைக்குப் புகைக்கூட்டில் வேலை. ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு, காய்ந்ததும் கட்டாக அனுப்புவார். கட்டுக்குள் ஒரே ஒரு ஷீட்டில் பூஞ்சணம் தெரிந்தாலும் மாமா முழுக் கட்டையும் புகைக்குத் திருப்பிவிடுவார்.

"மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று அத்தை கத்துவார்.

"இன்னிக்கு கண்ணுக்கு தெரியல. கப்பல்ல போறப்ப தெரியும்."

அன்றைக்கு வீட்டுக் குழம்பில் உப்பு இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் மாமாவின் பெருங்குடலில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் தண்ணீர் கேட்கவில்லை. "வெட்டுனது எங்க?" என்றார். சோதனைக்கு அனுப்பியாயிற்று என்றாள் தாதி.

சில வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மாமாவோடும் அத்தையோடும் நானும் போனேன். சிங்கள டாக்டரம்மா, சின்ன வயது. மாமா சிங்களத்தில் வெளுத்து வாங்குவார். அந்தப் பேச்சை நம் பாஷையிலேயே தருகிறேன்; டாக்டரம்மா மாமாவைக் கூப்பிட்ட 'மாமே' மட்டும் அப்படியே.

"கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கு, செல்லெல்லாம் எந்தளவுக்கு தாறுமாறா இருக்கு, எல்லாம் இதுல இருக்கு மாமே. திரும்பி வருமான்னு ஊகிக்க எங்களுக்கு இதுதான் வழி. செல்லோட தரம் ரெண்டு."

மாமாவின் முகம் தேர் பார்த்த மாதிரி மலர்ந்தது. "இங்கயும் தரம் போடுறாங்களா? பாக்குறப்ப லைட்டு எந்தப் பக்கம்?"

"மைக்ரஸ்கோப்புக்கு கீழ இருந்து."

"அப்ப நம்பலாம். வெட்டுன ஓரம்?"

"சுத்தம்."

மாமா எழுந்துவிட்டார். "தேறிட்டேன். வா செல்லம்மா, பஸ் போயிரும்."

"உக்காருங்க மாமே. கட்டிக்கு பக்கத்துல எடுத்த நிணநீர் முடிச்சு பதினாலு. அதுல ரெண்டுல புற்று செல் இருக்கு. அப்படீன்னா கண்ணுக்கு தெரியாம வேற எங்கயும் தங்கியிருக்கலாம். திரும்பி வர வாய்ப்பு கூட. மருந்து ஏத்துனா அது கொறையும்."

"ஓரம் சுத்தம்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ்? நாப்பது வருசத்துல நான் வெட்டுன ஓரம் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. மருந்து வேணாம்."

டாக்டரம்மா இன்னொரு முறை விளக்கினார். மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து ஏற்றியவர்கள் படும் பாட்டைப் பற்றி லயத்து வீடுகளில் கேட்ட கதையெல்லாம் அவர் கண்ணில் ஓடியது.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஒத்த ஷீட்டுல ஒரு புள்ளி இருந்துச்சுன்னு எம்புட்டு கட்ட பொகைக்கு திருப்பி அனுப்பியிருக்கீங்க? கண்ணுக்கு தெரியல, கப்பல்ல தெரியும்னீங்க. இப்ப ரெண்டு புள்ளி இருக்குன்னு அந்தம்மா சொல்றாங்க. எங்கட்டுக்கு ஒரு நாயம், ஒங்கட்டுக்கு ஒரு நாயமா? மரியாதையா பொகைக்கு போங்க!"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளு பொகை மிஸ்?"

டாக்டரம்மா விழித்தார். புகைக்கூட்டுக் கதையை நான் சொன்னேன். சிரித்துவிட்டார். "ஆறு மாசம் மாமே."

அந்த ஆறு மாதமும் வார்டில் தரம் பிரிப்புத்தான். மருந்துப் பையை வெளிச்சத்துக்குப் பிடித்து, "மிஸ், குமிழி!" என்று ஒரு கூவல், தாதிமார் ஓடிவருவார்கள். வாந்தியும் அலுப்புமாக வீடு திரும்புவார். அத்தை கொடுக்கும் கஞ்சியைக் குடித்துவிட்டு, "ரெண்டு" என்பார். அத்தை முறைப்பார். ஆனால் ஒரு நாளும் உப்பை மறக்கவில்லை.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். எல்லாம் சுத்தம். "இந்தத் தடவ ஒண்ணு போட்டுடலாமா மாமே?" என்றார் டாக்டரம்மா.

"ஐயோ வேணாம் மிஸ். ஒண்ணு போட்டா நீங்க திரும்பி பாக்க மாட்டீங்க. ரெண்டே இருக்கட்டும். அடுத்த செக்கப்புக்கு வந்துர்றேன்."

இந்தப் பக்கத்தையும் அவர் ஜன்னலுக்கு நேரே பிடிப்பார். பின்பக்கத்தில் என்ன விளம்பரம் வரப்போகிறதோ, தெரியாது. ரெண்டுதான் போடுவார். போடட்டும். இன்னும் முப்பது வருடத்துக்கு, வாராவாரம், எனக்கு அவர் ரெண்டே போட்டுக்கொண்டிருக்கட்டும்.