தூக்குமேடை பாடிய முனுசாமிச் சிந்து

ஆம்பூர் ரயிலடியில் தூக்குமேடை அளவுக்குப் பொய் சொன்னவர் எவரும் இருந்ததில்லை. அவருடைய நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நிஜத்தைச் சொல்லியிருக்க மாட்டார்.

கொலைச்சிந்து விற்பது அவர் தொழில். எங்காவது கொலை விழுந்தால் போதும், அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் கஞ்சிரா தட்டிப் பாடி விற்பார். எந்தச் சிந்தானாலும் கடைசியில் கொலைகாரன் தூக்கில் தொங்குவான். அதைத் தம் துண்டையே கழுத்தில் மாட்டி, நாக்கைத் தள்ளி நடித்துக் காட்டுவார். ஒருமுறை முடிச்சு நிஜமாகவே இறுகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து கத்தரியால் துண்டை வெட்டிவிட்டார். தூக்குமேடை இருமிக்கொண்டே எழுந்து, "எனக்கே இப்படின்னா அவனுக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். அன்று ஒரு பிரதி மிஞ்சவில்லை.

போலீசுக்கு முன்னால் செய்தி அவருக்குப் போய்விடும். செய்தி போகாவிட்டாலும் சிந்து வந்துவிடும். திமிரியில் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்ததை அவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது, அந்தத் திமிரிக்காரரே கையில் கட்டோடு ரயிலை விட்டு இறங்கினார்.

"யோவ், நான் சாகல."

"சந்தோஷம் நைனா. கொஞ்சம் அப்பால நில்லுங்க, இன்னும் நாலு பிரதி பாக்கி இருக்கு."

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

என் அக்கா ராஜம்மாளின் கணவர் முனுசாமி மாமா, தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். நான் அதே ஷாப்பில் குமாஸ்தா. பள்ளிகொண்டா பக்கம் ஒரு கொள்ளைக்காரன் வண்டியை மறித்து, மாமாவைக் கொன்றுபோட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். சீக்கிரமே பிடிபட்டான். அதற்கப்புறம்தான் அவனுக்கு வாழ்வு வந்தது.

பட்டணத்துப் பத்திரிகைகள் அவனைப் பத்தி பத்தியாக எழுதின. அவன் மீசைக்கு ஒரு நாள், வேலூர் ஜெயிலில் அவன் தின்ற களிக்கு ஒரு நாள். பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்த தர்மப்பிரபு என்று ஒரு பத்திரிகை எழுதியது. அன்று அந்தச் சாலையில் எங்கள் மாமாவைவிட ஏழை யாரும் போகவில்லை. அவன் மீசை வேண்டுமென்று கேட்டு வந்தவர்களால் ஆம்பூர் நாவிதர்களுக்குக் கை ஓய்ந்தது. தெருப் பிள்ளைகளின் விளையாட்டில் எல்லாருமே கொள்ளைக்காரர்கள். வண்டிக்காரனாக ஒருவனும் சம்மதிக்காததால் ஓர் ஆட்டை நிறுத்தி வைத்து விளையாடினார்கள். அக்கா தண்ணீர் எடுக்கக்கூட வெளியே போவதை விட்டுவிட்டாள்.

தூக்குமேடை சும்மா இருப்பாரா? வழக்கை இன்னும் கோர்ட்டில் எடுக்கவேயில்லை, அதற்குள் அவர் சிந்தில் அவனைத் தூக்கில் போட்டாகிவிட்டது. பாட்டில் தூக்கு வரும்வரை அவன் மன்மதன்.

ஒரு சந்தை நாளில் அக்கா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாடா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள். அந்த மனிதரை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். கூட்டத்தில் நின்று சிந்து முழுவதையும் கேட்டாள். அவர் தொங்கி முடித்துத் துண்டை அவிழ்க்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இவ்ளோ நேரம் பாடினீங்களே அண்ணா, செத்தவரு பேரு ஒரு தடவகூட வர்லியே."

"வண்டிக்காரன்னு வருதேம்மா."

"அவருக்குப் பேரு இருக்குது. முனுசாமி. நான் அவரு சம்சாரம்."

தூக்குமேடை மீதிப் பிரதிகளை விற்காமலே சுருட்டிக் கட்டினார். கஞ்சிராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, அவரு எப்படி சாப்புடுவாரு?"

அக்கா முறைத்தாள். "வெட்டுன கதய கேக்க வந்தீங்களா?"

"அது ஊருக்கே தெரியும். சாப்புட்டது, தூங்குனது, சண்ட போட்டது, அத்த சொல்லு."

முதலில் தயங்கினாள். அப்புறம் நிறுத்தவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்று தினம் குறை சொல்வார். சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாடுகளுக்குக் கலெக்டர், தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார். மழை வந்தால் சாக்கை அவற்றுக்குப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்து வந்து நிற்பார். சொல்லச் சொல்ல அக்கா சிரித்துவிட்டாள். மாமா போனபின் அவள் சிரித்தது அன்றுதான்.

அடுத்த சந்தைக்குப் புதுச் சிந்து வந்தது. மேலட்டையில் அதே மீசைப் படம், கொட்டை எழுத்தில் 'மகா பயங்கரக் கொலை'. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே பிரித்தால் முழுக்க முழுக்க முனுசாமி மாமா. கொலைக்கு ஒரே வரி. கொன்றவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'எவனோ ஒருவன்', அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் வாங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் ஷாப்பு மேஸ்திரி தூக்குமேடையின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இன்னாய்யா ஏமாத்துற? கொலகாரன் எங்க?"

"ஜெயில்ல. வேணும்னா வேலூர் போய்ப் பாரு. இதுல செத்தவருதான் இருக்காரு."

"மாடு, உப்புன்னு சொம்மா ரொப்பி வச்சிருக்கியே."

தூக்குமேடை காலரை விடுவித்துக்கொள்ளாமலே பாடத் தொடங்கினார்.

"உப்புக் கம்மி யென்று சொல்வார் – ஆனாலும்
ஒருபருக்கை மீதி வையார்;
கலெக்டரும் தாசில் தாரும் – அவரைக்
கண்டால் தலையை ஆட்டி நிற்பார்."

மேஸ்திரியின் கை தளர்ந்தது. "நம்ம முனுசாமிடா இது" என்றார், பின்னால் நின்றவர்களிடம். "அந்தத் தாசில்தாருக்கு நான் ஒருநா வெல்லம் குடுத்திருக்கேன்."

கூட்டம் இன்னொரு தரம் பாடச் சொன்னது. பிறகு ஷாப்பில் தோல் சுரண்டுகிறவர்கள் வேலையோடு வேலையாக அதைப் பாடினார்கள். அக்கா மறுபடி தண்ணீருக்குப் போகத் தொடங்கினாள். "உப்பு கம்மிக்காரரு சம்சாரம் வருது, வழி வுடுங்க" என்று கிணற்றடியில் பெண்கள் ஒதுங்கினார்கள். பட்டணத்துப் பத்திரிகைகளோ தூக்குப் போடும் நாள்வரை அந்த மீசையை விடவில்லை.

தூக்குமேடை திருந்திவிட்டார் என்று எழுதினால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். பொய்யும் துண்டும் கடைசிவரை இருந்தன. ஆனால் எந்த ஊரில் கொலை விழுந்தாலும், முதலில் செத்தவர் வீட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தார். சில வீட்டில் அடி கிடைத்தது, சில வீட்டில் மோர்.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டால், முதல் ஈட்டை "எங்க அண்ணனுக்கு" என்று அக்கா தனியே மூடி வைப்பாள். கூடப் பிறந்த தம்பி நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு இரண்டாம் ஈடுதான். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.